வெள்ளிக்கிழமைப் பை

செவ்வாய் இரவென்றால் ஹைகேட்.
விடிந்தால் நகராட்சி லாரி வந்துவிடும்;
அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்
லென்னியின் வெள்ளை வேன்
விளக்கணைத்து, கியரைத் தளர்த்தி,
சரிவில் தானாக உருண்டு இறங்கும்.
பக்கவாட்டில்
"ஃபிஸ்க். தரைவிரிப்புகள் சுத்தம் செய்யப்படும்."
நான்தான் ஸ்டென்சில் வைத்து எழுதினேன்.
இன்றுவரை ஒரு கம்பளமும் அதில் ஏறியதில்லை.

ஒரு கறுப்புப் பையை எடுத்த இடத்தில்
இன்னொரு கறுப்புப் பையை வைத்துவிட்டுத்தான் வருவான்.
உள்ளே வெட்டிய புல், பழைய டெலிபோன் புத்தகம்.
எடை குறையக் கூடாதாம்.
அதில் மட்டும் அவனுக்கு ஒரு நேர்மை.

வால்தம்ஸ்டோவில், சமையலறைத் தரையில்,
குளியலறைத் திரையை விரித்துப் போட்டு
மஞ்சள் கையுறையோடு காத்திருப்பேன்.
இஸ்திரிப் பெட்டி பட்டுத்துணிச் சூட்டில்.

பணக்காரர் குப்பை நம்முடையதைவிட நாறும்,
மீன் அதிகம்.
வக்கீல்கள் நான்காய்க் கிழிப்பார்கள்.
எம்.பி.க்கள் கிழிப்பதே இல்லை.
பொடிப்பொடியாக்குவது காதலில் இருப்பவர்கள்தான்.
ஒருமுறை நூற்றுப் பன்னிரண்டு துண்டு,
இரண்டு ராத்திரி உட்கார்ந்து ஒட்டினேன்.
கடைசித் துண்டில் இருந்தது:
பூனைக்குப் பால் வை.

பத்திரிகையிலிருந்து ஹக்கபி வருவான்,
ஆற்றோரப் பப்பின் பின்மேசைக்கு.
மது ரசீதுக்கு இருபது பவுண்டு,
ஹோட்டல் ரசீதில் இரண்டு பேர் என்றிருந்தால் நூறு,
ஆஸ்பத்திரிக் கடிதம் என்றால் தனிப் பேரம்.
மூட்டுவலிக்கெல்லாம் காசில்லை டோரீன், என்பான்,
பெரிதாக ஏதாவது கொண்டு வா.

கொண்டுபோனோம்.
ஞாயிறு இரவுத் தொடரில் மாட்டு வைத்தியராக வருவாளே, அவள்.
டீக்கறை படிந்திருந்தது கடிதம்.
ஓரம் சுருளாமல், நீவி நீவித் தேய்த்தேன்.
வியாழனன்று முதல் பக்கம்.
லீட்ஸில் இருக்கும் அவள் அம்மா
ரொட்டி வாங்கப் போன கடையில்
அடுக்கிவைத்த கட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாளாம்.
அதையும் மறுநாள் அந்தப் பத்திரிகையே போட்டது,
ஐந்தாம் பக்கம், படத்தோடு.

அந்தப் பணத்தில் பாய்லர் மாற்றினோம்.
வெந்நீர் நன்றாகவே வருகிறது.

நவம்பரில் எனக்கு ஒன்று வந்தது.
அதே ஜன்னல் வைத்த உறை,
அதே துறையின் பெயர்,
"உங்கள் பரிசோதனை முடிவுகளைத் தொடர்ந்து" என்ற அதே தொடக்கம்.
இரண்டாம் பத்தியில் என்ன வரும் என்று
வாசிக்கும் முன்னே தெரிந்துவிட்டது.
அந்த வாக்கியத்துக்கு இஸ்திரி போட்டவள் நான்.

எங்கே வைப்பது இதை?
மாவு டப்பா, மெத்தை அடி, கோட்டின் உள்மடிப்பு,
எதுவும் ஆகாது,
விரல் நுனியாலேயே படிக்கத் தெரிந்தவன் அவன்.
கிழிக்கவில்லை.
இரண்டாய் மடித்து,
முட்டை ஓட்டுக்கும் உருளைக்கிழங்குத் தோலுக்கும் நடுவே
எங்கள் வீட்டுக் குப்பையிலேயே செருகினேன்.

ஐந்து நாள் அங்கேயே கிடந்தது.
அதன்மேல் டீ பை போட்டான்,
ஷேவ் செய்த பிளேடு போட்டான்,
ஊர்க் குப்பையில் வேண்டாததை எல்லாம் வழித்துப் போட்டான்.
வியாழன் மாலை அவனேதான் வாயைக் கட்டினான்.
முதுகு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே
கேட்டருகே கொண்டுபோய் வைத்தான்.

அன்று அவனுக்கு வேலை இல்லை,
சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்கினான்.
நான் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பால் வண்டி போனது.
ஒரு நரி வந்து, நின்று, போனது.

லாரிச் சத்தம் மூலை திரும்புமுன்
செருப்பில்லாமல் இறங்கிப் போய்ப்
பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்,
யாராவது மாற்றி வைத்திருக்கிறார்களா என்று.

எங்களுடையதுதான்.
முடிச்சுகூட அவன் போட்ட முடிச்சு.